பப் இல்லாத ஊரில் உலகக் கோப்பை: ஓமந்தூர் சாலையில் மேட்ச் பார்க்க இடம் எங்கே?

திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால், கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர் ஓமந்தூர். சனிக்கிழமை காலையில் இந்தச் சாலையில் சென்னைப் பதிவெண் கொண்ட கார்கள் வரிசையாகப் போகும். ‘பாண்டிக்கு எதுக்கு?’ என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பீச், பிரெஞ்சுத் தெரு, ஆரோவில் எல்லாம் உண்டுதான். அதோடு இன்னொன்றும் உண்டு என்பது கார் ஓட்டுகிறவருக்கும் தெரியும், பின் சீட்டில் இருக்கும் அவர் மனைவிக்கும் தெரியும்.

அந்தக் கார்கள் கடந்து போகிற ஓமந்தூரில்தான், தமிழ்நாட்டில் மதுக்கடைகளை முழுவதுமாக மூடிய மனிதர் பிறந்தார். ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். அவருக்கு இங்கே ஒரு மணிமண்டபமும் இருக்கிறது. பாண்டி கார்களில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வேறு கதை.

இந்தச் சாலையில் கால்பந்து எங்கே வந்தது என்று கேட்கலாம். வருகிறது. 2026 ஜூன் 11 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளிலும் உலகக் கோப்பை தொடங்குகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். இதுவரை நடந்ததிலேயே பெரியது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு எங்கே போய்ப் பார்ப்பது என்ற குழப்பமே கிடையாது, தெருமுனை பப் போதும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மெஸ்ஸி பெயர் போட்ட வெள்ளை நீலக் கோடு டி-ஷர்ட்டில் சுற்றுகிற பையன்கள் எங்கே போவார்கள்? அவர்களின் தங்கைகள்?

பதில் சுலபமாகக் கிடைக்காத கேள்வி இது.

பப் என்றால் பார் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘பப்’ என்ற சொல் ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். பொது வீடு என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் பீர் குடிக்கிற இடம் மட்டுமல்ல அது. ஞாயிறு மதியம் குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். பல பப்களில் பெற்றோருடன் குழந்தைகளும் வரலாம். வாரம் ஒருநாள் விநாடி வினா நடக்கும். தாத்தா ஒருவர் ஒரே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேப்பர் படிப்பார், யாரும் எழுப்பமாட்டார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்சையும் ஹோட்டலையும் பாரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தால் எப்படி இருக்கும், அப்படி.

இங்கிலாந்து அணி ஆடுகிற நாளில் அந்த இடம் மாறிவிடும். டேபிள் முன்பதிவு செய்யாவிட்டால் நிற்க இடம் கிடைக்காது. கோல் விழுந்த நொடியில் கையில் இருக்கும் கிளாஸை அப்படியே மேலே வீசுவார்கள். பீர் மழையில் மொத்தக் கூட்டமும் நனைகிற வீடியோக்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். 2002-ல் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் உலகக் கோப்பை நடந்தபோது ஆட்டங்கள் இங்கிலாந்தின் காலை நேரத்தில் வந்தன. அதற்காகக் காலையிலேயே பப்கள் திறந்தன, வேலைக்குப் போகும் முன் மேட்ச் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லா நாட்டுக்கும் பப்தான் வழி என்றும் இல்லை. அதே 2002-ல் தென்கொரியர்கள் சிவப்பு டி-ஷர்ட் அணிந்து சியோல் நகரத் தெருக்களில் லட்சக்கணக்கில் கூடினார்கள். பெரிய ஸ்கிரீன், பாட்டு, கைதட்டல். சின்னக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். 2006-ல் ஜெர்மனி தன் நகரங்களில் அதையே பெரிய அளவில் செய்தது. பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலுக்கு முன்னால் ஒரு நீளமான சாலையையே ரசிகர்களுக்காக ஒதுக்கினார்கள்.

கால்பந்துக்குக் கூட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? கிரிக்கெட்டைத் தனியாகப் பார்த்துவிடலாம். ஓவருக்கு ஓவர் இடைவெளி உண்டு, விளம்பரம் உண்டு, சமையலறைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கால்பந்தில் 45 நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். திடீரென்று நான்கு நொடியில் எல்லாம் நடந்துவிடும். அந்த நான்கு நொடிக்குப் பிறகு பக்கத்தில் கட்டிப்பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் திட்டித் தீர்க்கவாவது ஒரு ஆள் வேண்டும்.

நம்மிடம் இருப்பது என்ன?

தமிழ்நாட்டில் பப் என்று பெயர் வைத்துக்கொண்டவை சென்னை, கோவை போன்ற நகரங்களின் ஹோட்டல்களில் உண்டு. உலகக் கோப்பை வந்தால் அங்கே ஸ்கிரீன் வைப்பார்கள். ஆனால், அங்கே ஒரு இரவுக்கு ஆகும் பில், திண்டிவனத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு வார மளிகைச் செலவைத் தாண்டிவிடும். மற்ற ஊர்களில் இருப்பது டாஸ்மாக் கடையும் அதை ஒட்டிய பாரும். பிளாஸ்டிக் டேபிள், தண்ணீர் பாக்கெட், சுண்டல், ஆம்லெட். ஒரு மூலையில் டிவி இருந்தாலும் இருக்கும். சட்டப்படி 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான் மது. நடைமுறையில் ஒரு பெண் அந்தப் பக்கம் வேகமாக நடந்து போவதோடு சரி.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. 2026 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும். மெக்சிகோ சிட்டியில் அது மதிய ஆட்டம். நம் கடிகாரத்தில் ஜூன் 12 அதிகாலை 12.30. இறுதிப் போட்டி அமெரிக்காவின் நியூஜெர்சியில். அதுவும் நமக்கு ஜூலை 20, திங்கட்கிழமை அதிகாலை 12.30. பெரும்பாலான ஆட்டங்கள் நள்ளிரவுக்கும் காலைக்கும் நடுவேதான். அதாவது, அந்த பாரில் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்று யாராவது நினைத்தாலும், விசில் ஊதுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே ஷட்டரை இறக்கியிருப்பார்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் மதுவைப் பற்றி விளையாட்டாகப் பேசவும் முடியாது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் விஷச் சாராயம் குடித்து அடுத்தடுத்து ஆட்கள் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இரண்டையும் சேர்த்தால் 20 உயிர்களுக்கு மேல். மறு வருடம் ஜூன் மாதம், முன்பு விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலியானார்கள். குடித்தது பாக்கெட் சாராயம், அதில் கலந்திருந்தது மெத்தனால். இந்தப் பக்கத்துப் பெண்களிடம் ‘பாரில் மேட்ச்’ என்று சொன்னால் என்ன முகம் காட்டுவார்கள் என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

கடைகளை மூடிய விவசாயி

ஓமந்தூரார் 1895 பிப்ரவரி 1 அன்று பிறந்தவர். விவசாயக் குடும்பம், காங்கிரஸ்காரர், வள்ளலார் பக்தர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர். நாடு சுதந்திரம் அடைந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். இரண்டு வருடம் மட்டுமே பதவியில் இருந்தார். அதற்குள் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் கோயில் நுழைவுச் சட்டமும் வந்தன.

மதுவிலக்கு அவர் கண்டுபிடித்தது இல்லை. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. (கடையில் பில் வாங்கும்போதெல்லாம் அந்தக் கதை நினைவுக்கு வரவேண்டும்.) சேலத்தில் ஆரம்பித்ததைப் படிப்படியாக மாகாணம் முழுவதும் விரித்து, 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் முழு மதுவிலக்காக்கியது ஓமந்தூரார் அரசு. 1949 ஏப்ரலில் பதவி விலகினார். பிறகு வடலூருக்குப் போய்விட்டார். 1970-ல் அங்கேயே காலமானார்.

அவர் மறைந்த மறு வருடம், 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பிறகு திரும்ப வந்தது, திரும்பப் போனது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்துவிட்டது. சென்னையில் இன்று ‘ஓமந்தூரார்’ என்றால் பலருக்கும் அண்ணா சாலையின் அரசு மருத்துவமனைதான் தெரியும்.

மதுவிலக்கு சரியா தவறா என்று இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. கவனிக்கவேண்டியது வேறு. கடைகளை மூடியபோதும் சரி, திறந்தபோதும் சரி, சாயங்காலம் ஊர்க்காரர்கள் ஆணும் பெண்ணுமாக உட்கார ஒரு பொது இடம் வேண்டும் என்று பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. குடிக்க இடம் கட்டினார்கள். கூட இடம் கட்டவில்லை.

அரை மணி நேரத்தில் பிரான்ஸ்

ஓமந்தூரைத் தாண்டி, கிளியனூர் வழியாக அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் புதுச்சேரி. அங்கே கதை வேறு. கால்பந்து அங்கே டிவியில் வந்த விஷயம் இல்லை, குடும்ப விஷயம். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரித் தமிழில் ‘சொல்தா’ என்பார்கள். அவர்களின் வீடுகளில் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது. பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியில் வரிசையில் நின்று வாக்களிக்கும் தமிழர்கள் இவர்கள். அண்ணன் பாரிஸில், தங்கை முத்தியால்பேட்டையில் என்று பல குடும்பங்கள். ஜூலை 14 அவர்களுக்குத் தேசிய நாள்.

2018-ல் அந்த ஜூலை 14-க்கு மறுநாள்தான் மாஸ்கோவில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பிரான்ஸ் 4, குரோஷியா 2. நம் நேரப்படி இரவு எட்டரைக்குத் தொடங்கியதால் குழந்தைகளும் முழித்திருந்தார்கள். மூவண்ணக் கொடியோடு புதுச்சேரிக்காரர்கள் கொண்டாடினார்கள். அந்தக் கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு. 2022 டிசம்பர் 18 இறுதிப் போட்டியும் எட்டரை மணிதான். எம்பாப்பே மூன்று கோல், மெஸ்ஸி இரண்டு கோல், ஆட்டம் 3–3. பெனால்டியில் அர்ஜென்டினா 4–2. பிரான்ஸ் பக்கம் நின்ற வீடுகளில் அன்று ராத்திரி சோறு இறங்கியிருக்காது.

மேட்ச் பார்க்கிற பார்களுக்கும் புதுச்சேரியில் பஞ்சமில்லை. இப்போது அவற்றுக்கு ‘ரெஸ்டோபார்’ என்று பெயர். கீழே சாப்பாடு, மேலே மது, இரவில் பாட்டு. இங்கிலாந்து பப்புக்கு மிகப் பக்கத்தில் வரக்கூடியது தமிழ் மண்ணில் இதுதான். ஆனால், குடியிருப்புகளுக்கு நடுவே முளைத்ததால் அக்கம்பக்கத்தினரின் எதிர்ப்பும் போராட்டமும் தொடர்ந்து இருக்கிறது. சத்தம், சண்டை, நடுராத்திரி பைக். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்ற பெயரில் பாதிதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பஞ்சாயத்து டிவியை நினைவிருக்கிறதா?

கூடிப் பார்ப்பது தமிழ்க் கிராமத்துக்குப் புதிது ஒன்றும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை, கம்பிக் கதவு, உள்ளே ஒரு டிவி. சாவி ஒருவரிடம் இருக்கும், அவருக்கு ஊரில் தனி மரியாதை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை சினிமா. பெண்கள் ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம், நடுவில் மண்ணில் பிள்ளைகள். ஆன்டெனாவைத் திருப்ப ஒரு பையன் கூரைமேல்.

1986-ல் மெக்சிகோ உலகக் கோப்பை ஆட்டங்களைத் தூர்தர்ஷன் காட்டியது. இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டு கோல்கள் அந்த உலகக் கோப்பையில்தான். ஒன்றைக் கையால் தட்டினார், இன்னொன்றுக்கு பாதி மைதானத்தை ஓடிக் கடந்தார். கேரளாவிலும் வங்காளத்திலும் இன்றுவரை அர்ஜென்டினா கொடி பறப்பதற்கு அந்த ஜூன் மாதம்தான் விதை. தமிழ்நாட்டில் வடசென்னை, கடலோர ஊர்கள், சில மலை ஊர்கள் தவிர மற்ற இடங்களில் அந்தக் காய்ச்சல் அவ்வளவாக ஒட்டவில்லை. நமக்குக் கிரிக்கெட் இருந்தது.

2006 செப்டம்பர் 15-ல் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. அந்த வருட உலகக் கோப்பை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 14 இன்ச் டிவி, ஒன்றரைக் கோடி வீடுகளுக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. ஏழை வீட்டுக்கு அது பெரிய விஷயம். அடுத்த வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் அவமானம் போனது. அதோடு பஞ்சாயத்து டிவி அறையின் கதவும் துருப்பிடித்தது.

பிறகு போன். 2022 கத்தார் உலகக் கோப்பையை ஜியோ சினிமா இலவசமாகக் காட்டியது, தமிழ் வர்ணனையோடு. முதல் நாள் வட்டம் சுற்றிச் சுற்றிப் பலரையும் கடுப்பேற்றியதும் நடந்தது. ஆனாலும் இறுதிப் போட்டியை அதில் மட்டும் 3.2 கோடிப் பேர் பார்த்தார்கள் என்றது அந்த நிறுவனம். ஒரு வீட்டில் நான்கு போன், நான்கு மூலை. ஒவ்வொன்றும் சில நொடி முன்பின். பக்கத்து வீட்டில் ‘கோல்’ என்று கத்துகிறார்கள், இங்கே பந்து இன்னும் நடு மைதானத்தில் இருக்கிறது. தனியாகப் பார்ப்பதன் தண்டனை அது.

வீடே வாங்கிய 17 பேர்

கேரளாக்காரர்கள் இந்தத் தண்டனையை ஏற்கவில்லை. 2022 உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் முன்பு கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் வைத்தார்கள். அதைப் பார்த்து நெய்மருக்கு 40 அடி. பிறகு ரொனால்டோவுக்கு 50 அடி. படத்தை ஃபிஃபாவே தன் பக்கத்தில் பகிர்ந்தது. தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று புகார் போனது தனிக்கதை.

அதைவிடச் சுவையானது கொச்சி அருகே முண்டக்கமுகளில் நடந்தது. அங்கே நண்பர்கள் 17 பேர் வழக்கமாக ஒன்றாக மேட்ச் பார்த்த பழைய வீடு விற்பனைக்கு வந்தது. வேறு இடம் தேடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பணம் சேர்த்து அந்த வீட்டையே 23 லட்சம் ரூபாய்க்கு வாங்கிவிட்டார்கள். பிரேசில், அர்ஜென்டினா, போர்ச்சுகல் நிறங்களில் வீட்டை அலங்கரித்து, உள்ளே பெரிய டிவி வைத்தார்கள். நாளைக்கு அவர்களின் பிள்ளைகளும் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

குடி இல்லை, கட்டணம் இல்லை. சொந்தமாக ஒரு ‘பொது வீடு’. இங்கிலாந்துச் சொல்லுக்கு நேரான அர்த்தத்தைப் பதினேழு மலையாளிகள்தான் பிடித்திருக்கிறார்கள்.

சென்னையில் வியாசர்பாடி. கால்பந்தாட்டக்காரர்களுக்குப் பெயர்போன பகுதி, ஐ.எஸ்.எல். ஆடும் நந்தகுமார் சேகரின் ஊர். உலகக் கோப்பை நேரத்தில் அங்கே சுவரெல்லாம் பிரேசில் மஞ்சள் ஏறிவிடும், தெருவே ஸ்கிரீனாகிவிடும். பப் என்ற பேச்சே அங்கே எழாது.

கடலூர்ப் பெண்கள் எங்கே பார்ப்பார்கள்?

விழுப்புரத்துக்குப் பக்கத்து மாவட்டம் கடலூர். அங்கே இந்திரா காந்தி பெயரில் ஒரு விளையாட்டு அகாடமி இருக்கிறது. பயிற்சியாளர் மாரியப்பன். 2004 சுனாமிக்குப் பிறகான வருடங்களில் கடலோரத்துப் பெண் பிள்ளைகளும் கூலி வேலைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே காலில் பூட்ஸ் மாட்டினார்கள். அந்த ஊரிலிருந்து வந்தவர்தான் இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றவர்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டியில் தமிழ்நாடு 2–1 என்று மணிப்பூரை வீழ்த்தியது. மணிப்பூரைப் பெண்கள் கால்பந்தில் வீழ்த்துவது, மும்பையை ரஞ்சி டிராபியில் வீழ்த்துவதைப் போல. தமிழ்நாட்டுக்கு அது முதல் பட்டம். 2023-ல் மீண்டும் பட்டம். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என்று தோற்கடித்து ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தகுதி பெற்றார்கள். அந்த இரவு எத்தனை ஊர்களில் எத்தனை பேர் கூடிப் பார்த்தார்கள்?

விளையாடுகிற பெண்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். விளையாட்டைப் பார்க்க அவர்கள் போய் உட்காரும் இடம்தான் இல்லை. ஒரு பையன் நண்பன் வீட்டு மாடியில் ராத்திரி முழுக்க மேட்ச் பார்த்துவிட்டுக் காலையில் வந்தால் அம்மா இரண்டு திட்டு திட்டுவார், அவ்வளவுதான். அதையே பதினாறு வயசுப் பெண் கேட்டுப் பார்க்கட்டும்.

அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஜென்னி நுயென் என்ற சமையல் கலைஞர் 2022 ஏப்ரலில் ஒரு ஸ்போர்ட்ஸ் பார் திறந்தார். அங்கே உள்ள டிவிகளில் பெண்கள் ஆடும் விளையாட்டு மட்டும்தான் ஓடும். பெயர் ‘தி ஸ்போர்ட்ஸ் ப்ரா’. பார் என்ற சொல்லில் எழுத்தை மாற்றிப் போட்ட குறும்பு. குழந்தைகளோடும் பெண்கள் வந்து உட்கார்கிறார்கள். ‘பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்’ என்று கேட்டவர்களுக்கு அந்த வரிசையே பதிலாக நின்றது.

கத்தார் உலகக் கோப்பையை இந்த இடத்தில் சொல்லியாகவேண்டும். தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, 2022 நவம்பர் 18 அன்று, மைதானங்களைச் சுற்றி பீர் விற்பனை கிடையாது என்று அறிவித்தார்கள். பீர் கம்பெனியே ஸ்பான்சர்! ஐரோப்பாவே கொதித்தது. பீர் இல்லாமல் என்ன கால்பந்து என்றார்கள். ஆனால், போட்டி முடிந்தபோது இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரிட்டிஷ் போலீஸே சொன்னது. தங்கள் ஊர் மைதானத்தைவிட இங்கே நிம்மதியாக இருந்தது என்று சில பெண் ரசிகர்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். கத்தாரில் தொழிலாளர்கள் பட்ட பாட்டையும் அந்த நாட்டுச் சட்டங்களையும் இதைக்கொண்டு மறைக்க முடியாது. ஆனால், குடித்தால்தான் கூட முடியும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. ஓமந்தூரார் இருந்திருந்தால் ஒருவேளை சிரித்திருப்பார்.

சமுதாயக் கூடத்துச் சாவி

கிராமத்தில் கூடிப் பார்ப்பது இன்று அவ்வளவு கஷ்டமா? இல்லை என்பதுதான் உண்மை. ஒரு புரொஜெக்டர், வெள்ளை வேட்டி அல்லது சுவர், ஒரு ஸ்பீக்கர், நெட் கனெக்‌ஷன். கல்யாண வீடுகளுக்கு எல்.இ.டி. ஸ்கிரீன் வாடகைக்கு விடுகிறவர்கள் திண்டிவனம் போன்ற ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இடைஞ்சல் சத்தத்தில் வரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி அது. 12.30 மணி மேட்ச்சைத் தெருவில் மைக் செட்டோடு போட்டால் போலீஸ் வரும், வரவும் வேண்டும். மறுநாள் பரீட்சை எழுதும் பிள்ளை ஒன்று எந்தத் தெருவிலும் இருக்கும். ஆனால், அதே விதி, மூடிய கட்டடங்களுக்குள் அங்கிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ள விலக்குத் தருகிறது. சமுதாயக் கூடங்களை அந்த விதியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டிக்கெட் போட்டாலோ விளம்பரதாரரை வைத்தாலோ ஃபிஃபாவின் அனுமதி தேவைப்படும். அதனால் உண்டியல்கூட வைக்காமல் இருப்பதே நல்லது. ஒளிபரப்பு உரிமை யாரிடமோ அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவேண்டும்.

பெரும்பாலான ஊராட்சிகளில் சமுதாயக் கூடமோ பழைய நூலகக் கட்டடமோ இருக்கிறது. காதுகுத்தும் தேர்தலும் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும். 2024 முதல் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் வேறு ஊராட்சிகளுக்கு வந்திருக்கின்றன. 2023 நவம்பரில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு மெரினாவில் ராட்சத ஸ்கிரீன் வைத்தபோது குடும்பம் குடும்பமாகப் போய் மணலில் உட்கார்ந்தார்கள். பாட்டிகள் முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள். இந்தியா தோற்றது, அது வேறு. மெரினாவுக்குச் செய்ததை, சின்ன அளவில், மரக்காணத்துக்கும் ஓமந்தூருக்கும் செய்ய ஒரு ஊராட்சித் தலைவரும் நாலு இளைஞர்களும் போதும். பெண்கள் சுய உதவிக் குழுவிடம் சாவியைக் கொடுத்தால் ராத்திரி எவனும் பாட்டிலோடு உள்ளே வரமாட்டான்.

அதுவும் முடியாதவர்களுக்கு நேரமே ஒரு வழி காட்டுகிறது. ராத்திரி ஆட்டங்களை விட்டுவிடலாம். 104 ஆட்டங்களில் பல நமக்குக் காலை ஆறரை, ஏழரைக்கு வருகின்றன. முதல் நாளின் இரண்டாவது ஆட்டமே அப்படித்தான். குவாதலஹாராவில் தென்கொரியா இறங்கும்போது இங்கே ஜூன் 12, வெள்ளிக்கிழமை, காலை 7.30. திண்டிவனம் சாலையோர டீக்கடைகளில் அந்நேரம் இரண்டாவது பால் காய்ந்திருக்கும். பூ விற்கிறவர்கள், டியூஷன் முடித்த பிள்ளைகள், வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். கல்லாவுக்கு மேலே டிவி இருக்கும், வழக்கமாகச் செய்திச் சேனல் ஓடும். ரிமோட் மாஸ்டரிடம். டாஸ்மாக் திறக்க இன்னும் நாலரை மணி நேரம் இருக்கும்.